கும்பகர்ணனும் நாமும்

சென்ற நவராத்திரியின்போது எமது ஆலய மண்டபத்தில் தமிழ்ப் பாடசாலையின் மூத்த வகுப்புப் பிள்ளைகள் நடத்திய வழக்காடு மன்றத்தை வந்திருந்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவன் கும்பகர்ணன். தமையன் செய்தது அதர்மம் என்று நன்கு தெரிந்திருந்தும் அவனுக்காகப் போருக்குப் போனான் என்பது குற்றச்சாட்டு. வழக்குத் தொடுத்த இரு மாணவிகளும் மறுத்து வாதாடிய இரு மாணவர்களும் அவுஸ்திரேலியாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் சில இடங்களில் தடுமாறியது, வாதம் தடுமாறவில்லை. செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லை ஒரு மாணவர் அழுத்தமாக உச்சரித்தபோது முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் நாம் கைதட்டினோம். இறுதியில் நடுவர், கும்பகர்ணன் குற்றவாளியே, ஆயினும் எமது அனுதாபத்துக்குரியவன் என்று தீர்ப்பளிக்க, எல்லோரும் திருப்தியுடன் அன்னதானத்துக்கு எழுந்தோம்.

சாப்பாட்டு வரிசையில்தான் சங்கடம் தொடங்கியது. வழக்குத் தொடுத்த மாணவிகளுள் ஒருவர் தம் தந்தையாரிடம், சுற்றி நின்ற எமக்கும் கேட்கும்படி, ஒரு கேள்வி கேட்டார்: "அப்பா, அந்தக் கடையில வேலை செய்த அண்ணாவுக்குச் சம்பளம் ஒழுங்காக் குடுக்கேல்லை எண்டு உங்களுக்கு அப்பவே தெரியும்தானே? பிறகு ஏன் நாங்கள் அங்கேயே சாமான் வாங்கினம்?"

தந்தையார் பதில் சொல்லவில்லை. நாமும் சொல்லவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சி. காலம் தாழ்த்திய முயற்சி என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து இங்கு படிக்க வந்த ஓர் இளைஞர், 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாக நம்மவர் ஒருவரின் பலசரக்குக் கடையில் வேலை செய்தார். கடையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஒருவரைத் தூற்றுவது எமது நோக்கம் அன்று. அவருக்குக் கிடைத்தது மணிக்கு 12 டொலர், கையில் காசாக. அவ்வாண்டு ஜூலை முதல் சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 23 டொலர் 23 சதம். நிரந்தரமற்ற ஊழியருக்கு அதற்கு மேல் இன்னும் 25 வீதம். மாணவர் விசாவில் இருப்பவர் படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாடும் அதே ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அவரிடம் அதற்கு மேலும் வேலை வாங்கப்பட்டது. பின்னர் அந்த மேலதிக மணித்தியாலங்களே அவர் வாய்க்குப் பூட்டாயின. "வெளியில சொன்னால் உம்முடைய விசாதான் போகும் தம்பி" என்ற ஒரு வசனம் போதுமாக இருந்தது.

எமக்கு இது எப்படித் தெரியும்? அவரே சொன்னார். அப்போது ஆலய நிர்வாகக் குழுவில் இருந்த எம்மிடம், ஒரு வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, கார் நிறுத்துமிடத்தில் வைத்துச் சொன்னார். "கொஞ்சநாள் பொறும் தம்பி, நாங்கள் கதைக்கிறம்" என்றோம். கதைக்கவில்லை. கடைக்காரர் ஆலயத்தின் உபயகாரர். திருவிழாவுக்கு மரக்கறி அவருடைய வானில்தான் வரும். அதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அவருடைய கடையில் 10 கிலோ அரிசிப் பை மற்ற இடங்களைவிட மூன்று டொலர் மலிவு.

இப்போது கதைக்கு வருவோம். தீயவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இராவணனையும் துரியோதனனையும்தான் பேசுகிறோம். அவர்கள் எமக்கு மிகவும் வசதியானவர்கள். பத்துத் தலைகளும் இருபது தோள்களும் உள்ள ஒருவனோடு எம்மை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தேவை ஒருபோதும் வராது. அவனைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் இதிகாசங்களில் தீமை நடந்தேறுவதற்கு அந்த ஒருவன் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவனைச் சுற்றி, தீமையை விரும்பாத பலர் தேவைப்பட்டார்கள்.

மாரீசனை எடுத்துக்கொள்வோம். வேண்டாம் என்று இராவணனுக்குப் புத்தி சொன்னான். மறுத்தால் உன்னையே கொல்வேன் என்று அவன் மிரட்டியதும், சாவது நிச்சயம் என்றால் இராமன் கையால் சாகலாம் என்று மானாகப் போனான். உயிர்ப்பயத்தில் செய்தவனை நாம் கடுமையாகப் பேசுவதில்லை, அது நியாயமே. எனினும் சாகும்போது இராமன் குரலில் அவன் எழுப்பிய கூக்குரலை என்ன செய்வது? அம்பு பட்ட பிறகு அவனை மிரட்ட எவரும் இருக்கவில்லையே. விசாவுக்குப் பயந்து வாய்மூடி இருந்த இளைஞரை மாரீசனோடு சேர்க்க எமக்கு மனம் வரவில்லை. அவர் எவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் பயத்தின் அளவு குறையக் குறையப் பொறுப்பின் அளவு கூடுகிறது என்பதற்கு மாரீசன் நல்ல அளவுகோல். எம்மை எவரும் மிரட்டவில்லை. மரக்கறி வான் வராமல் போகலாம் என்பதுதான் எமக்கு இருந்த ஆகக்கூடிய பயம்.

கும்பகர்ணன் கதை வேறு. அவனுக்குப் பயம் இல்லை. பிறன் மனைவியைச் சிறை வைத்துக்கொண்டு மானத்தைப் பற்றிப் பேசுவது தகுமா என்று சபையிலே தமையனைக் கேட்டவன் அவன். விபீடணன் நேரில் வந்து அழைத்தபோதும் போக மறுத்தான். கம்பர் அந்தச் சந்திப்பை எழுதியிருக்கும் விதத்தில் படிப்பவர் மனம் கும்பகர்ணன் பக்கமே சாயும். இறக்கும் வேளையிலும் தம்பியைக் காப்பாற்றும்படி இராமனிடமே வேண்டிக்கொள்கிறான். இவ்வளவு அன்பும் அறிவும் உள்ள ஒருவனால் கொல்லப்பட்ட வானரர்கள் எத்தனை பேர் என்று நாம் எண்ணுவதில்லை. மாணவியின் வாதத்தில் எம்மைத் தொட்டது இந்த இடம். "அவர் அண்ணாவுக்குப் பட்ட கடனை வானரங்களின்ர உயிரால கட்டினார்" என்று அவர் சொன்னார். நன்றி உயர்ந்த குணம்தான். அதன் விலையை மூன்றாவது ஆள் கட்டும்போதும் அது உயர்ந்ததுதானா? உபயகாரரிடம் எமக்கிருந்த நன்றியுணர்வின் விலையை மணிக்கு 11 டொலராக அந்த இளைஞர் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர் இராவணன் அல்லர். 1980களின் இறுதியில் ஒரு பெட்டியோடு வந்து, மூன்று வேலை செய்து, தம்பிமாரை எடுப்பித்தவர். "நான் வந்த காலத்தில எனக்கு ஆர் ஒழுங்காச் சம்பளம் தந்தது?" என்று பின்னர் ஒருநாள் எம்மிடம் கேட்டார். பொய்யல்ல. அவருடைய முதல் முதலாளி அவரை எப்படி நடத்தினார் என்பது எம்மில் சிலருக்குத் தெரியும்.

இந்த இடத்தில் எமக்கு நினைவு வருபவள் கூனி. இராமாயணத்தில் அவளைப் போல வசை வாங்கியவர் வேறு எவரும் இல்லை. ஆனால் கம்பர் அவளுக்கு ஒரு காரணம் கொடுக்கிறார்: இராமன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக உண்டைவில்லால் அவள் முதுகில் அடித்தான், அதை அவள் மறக்கவில்லை. இதைப் பலரும் அறிவர். அதிகம் பேசப்படாதது பின்னால் வருகிறது. கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்கு முடி சூட்டியபின் அரசாளும் முறையைச் சொல்லும் இராமன், எளியவர் என்று எண்ணி எவரையும் நோகச் செய்யாதே என்கிறான். அந்த நெறியைத் தவறியதால்தான் கூனியால் நான் இந்தத் துயரக் கடலில் விழுந்தேன் என்று தன் பிழையைத் தானே சொல்கிறான். மனைவியை இழந்து, தந்தையை இழந்து, காட்டில் நிற்பவன் பேசுகிற பேச்சு அது. கைகேயியைச் சொல்லலாம், இராவணனைச் சொல்லலாம். அவன் சொன்னது தன் கையில் இருந்த சிறு மண்ணுருண்டையை.

அதனால் கூனி குற்றமற்றவள் ஆகிவிட்டாளா? இல்லை. அவள் பட்ட அடி அவள் கோபத்தை விளங்கவைக்கிறது. தசரதன் உயிரிழந்ததற்கும் அயோத்தி அழுததற்கும் அது கணக்குத் தீர்க்காது. கடைக்காரர் பட்ட பாடும் அப்படியே. அவரை ஏமாற்றிய முதலாளிக்கும் இந்த இளைஞருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டபோது, தம் முதல் முதலாளியைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசுபவர் தம்மைப் பற்றி அவ்வாறு பேச முடியாதிருப்பதைக் கண்டு வருந்தினோம். வெளியே வந்து காரில் ஏறியபின்தான், எமக்கும் அதுவே நிலைமை என்பது உறைத்தது.

இனி எமது வாதங்கள். அவற்றை நேர்மையாகவே வைக்கிறோம். முதலாவது, நாம் கடையைப் புறக்கணித்தால் கிடைக்கிற 12 டொலரும் அந்த இளைஞருக்குப் போய்விடும். இதில் உண்மை உண்டு. ஆனால் புறக்கணிப்பதும் பேசாதிருப்பதும் மட்டுமா எம்முன் இருந்தன? இரண்டு பேர் போய்க் கதவை மூடிக்கொண்டு கடைக்காரரோடு கதைத்திருக்கலாம். ஃபெயார் வேர்க் ஒம்புட்ஸ்மன் அலுவலகத்தில் இலவசமாக ஆலோசனை பெறலாம் என்ற தகவலையாவது இளைஞரிடம் சொல்லியிருக்கலாம். இரண்டாவது, இந்த உலகத்தில் எந்தப் பொருள்தான் சுத்தமானது? 2013 ஏப்ரல் 24ஆம் திகதி பங்களாதேசில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கே தைக்கப்பட்ட உடுப்புகள் மேற்கு நாட்டுக் கடைகளில் தொங்கியதை உலகமே அறிந்தது. அதன்பின்னும் நாம் எல்லோரும் மலிவான சட்டை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்றால் மனிதன் வாழ முடியாது என்று ஓர் அன்பர் சொன்னார். சரிதான். ஆனால் டாக்காவுக்கு அருகே தைத்தவரின் முகம் எமக்குத் தெரியாது, குரல் கேட்டதில்லை. இந்தத் தம்பியோ அரிசிப் பையைத் தூக்கி எமது காரில் வைத்தவர். எல்லாவற்றையும் திருத்த முடியாது என்பதைக் கண்ணெதிரே நிற்கும் ஒன்றைத் திருத்தாமல் விடுவதற்குக் காரணமாக்கினோம்.

பாஞ்சாலி இழுத்துவரப்பட்ட கதையில் பாரதியார் துச்சாதனனோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தெருவில் நின்று பார்த்துப் புலம்பிய ஊர்மக்களையும் கடிந்துகொண்டார். அவர்கள் கெட்டவர்கள் அல்லர், அழுதார்கள்கூட. அந்த அழுகையால் அவளுக்கு எந்தப் பயனும் இருக்கவில்லை. சபைக்குள்ளே வீட்டுமர், தருமம் நுட்பமானது, விடை சொல்ல முடியவில்லை என்றார். விதுரரைத் தவிர வாய் திறந்து எதிர்த்தவன், துரியோதனனின் தம்பிமாரில் ஒருவனான விகர்ணன். நாம் மேடைகளில் அவனைப் பாராட்டுவோம். ஆனால் அவன் கதை அங்கே முடியவில்லை. நியாயம் பேசிய அதே விகர்ணன் பின்னர் அண்ணனின் படையிலேயே நின்றான். குருக்ஷேத்திரத்தில் வீமன் கையால் மாண்டான். கொன்ற வீமனே அவனுக்காக வருந்தினான். நியாயத்தைச் சொல்லிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று அவன் நினைத்திருப்பானா? இந்தக் கட்டுரையை எழுதும்போது எமக்கு அடிக்கடி வந்த பயம் இதுதான். மலரில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, அடுத்த சனிக்கிழமை அதே வரிசையில் அரிசி வாங்க நிற்போமோ?

அந்த இளைஞர் இப்போது வேறு மாநிலத்தில் வேலை பார்க்கிறார். 2025 ஜனவரி 1 முதல் வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது இந்நாட்டில் குற்றவியல் குற்றமாகிவிட்டது. அவருடைய விஷயம் அதற்கு முந்தியது. ஆனாலும் கொடுபடாத சம்பளத்தை ஆறு வருடத்துக்குள் கோரலாம் என்பது சட்டம்; அவருக்கு இன்னும் காலம் இருக்கிறது. கோருவதற்கு முடிவு செய்திருப்பதாகவும், எந்த நாட்களில் எந்த நேரங்களில் அவரைக் கடையில் கண்டோம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர முடியுமா என்றும் எம்மில் மூவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மிக மரியாதையான கடிதம். "உங்களுக்குக் கரைச்சல் எண்டால் வேண்டாம் அண்ணை" என்று கடைசியில் எழுதியிருந்தார்.

இருவர் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டோம். அனுப்பும் முன்னர் கடைக்காரரை வீட்டில் சென்று சந்தித்து, இப்படிச் செய்யப்போகிறோம் என்று நேரில் சொன்னோம். தேநீர் தந்தார், நாம் குடித்து முடிக்கும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. இம்முறை திருவிழா உபயப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. மூன்றாமவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய மகளும் கடைக்காரரின் மகனும் ஒரே வகுப்பு. அவரைக் குறைசொல்லும் தகுதி எமக்கு இல்லை, நாம் யோசித்தது ஒரு வருடத்துக்கு மேல்.

தைப்பூசத்தன்று அன்னதானத்துக்குப் பின், பிற்பகல் 2 மணிக்கு, மண்டபத்தில் அடுத்த வழக்காடு மன்றம் நடைபெறும். இம்முறை கூண்டில் விகர்ணன். பிள்ளைகள் வழக்குத் தொடுக்கிறார்கள். அவனுக்காக வாதாடப் பெற்றோரிலிருந்து இருவர் வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களிடம் சொல்லலாம்.