கடிதம் போன இடமும் போகாத இடமும்

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் ஆடம்பர விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. ஏறக்குறைய 270 பேர் மாண்டார்கள். அதற்கு 17 நாள் முன்னதாகவே, ஏப்ரல் 4ஆம் திகதி, இந்தியாவிலிருந்து தகவல் வந்துவிட்டது. தாக்குதலை முன்னின்று நடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் அதில் இருந்தது. தேவாலயங்களும் இந்திய உயர்ஸ்தானிகராலயமும் குறிவைக்கப்படலாம் என்பதும் இருந்தது.

அந்தத் தகவல் பிறகு கடிதமாகிப் பயணம் செய்தது. 7ஆம் திகதி அரச புலனாய்வுச் சேவையிலிருந்து தேசிய புலனாய்வுப் பிரதானிக்கு. 9ஆம் திகதி அவரிடமிருந்து பொலிஸ் மா அதிபருக்கு. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவரின் கையொப்பத்துடன் பிரமுகர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் பிரிவுகளுக்கு. சஹ்ரானின் தம்பி இரவு வேளைகளில் வீட்டுக்கு வந்துபோவது வரை அதில் எழுதியிருந்தது.

என்னால் தாண்டிப் போக முடியாத இடம் அந்தக் கடைசிக் கடிதம்தான். மெய்ப்பாதுகாவலர் வைத்திருப்பவர்களின் பக்கம் எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. ஓர் அமைச்சர், இப்படியொரு ஆபத்து இருப்பதைத் தன் தந்தை கேள்விப்பட்டு, தேவாலயத்துக்குப் போகவேண்டாம் என்று தன்னிடம் சொன்னதாகப் பின்னர் வெளிப்படையாகவே எழுதினார். கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் தேவாலயத்துக்கும் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் புதுச்சட்டை போட்டு அழைத்துப்போன தாய்மாருக்கு யார் சொன்னார்கள்? தெரிந்திருந்தால் ஞாயிறு திருப்பலிகளையே நிறுத்தியிருப்பேன் என்று பேராயர் மல்கம் ரஞ்சித் சொன்னார். அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

சஹ்ரானின் ஊரான காத்தான்குடியின் மக்கள் இதற்கெல்லாம் முன்பே சொன்னார்கள். 2017 மார்ச்சில் சஹ்ரானின் ஆட்கள் அங்கே சூஃபி வழியைப் பின்பற்றுவோருடன் வாளும் கையுமாக மோதினார்கள். அதன் பிறகுதான் அவர் தலைமறைவானார். அந்த ஆளின் போக்கு குறித்து முறையிட்டவர்கள் முஸ்லிம்கள். புலனாய்வு அதிகாரிகளிடம் விவரங்களை ஒப்படைத்ததாக இலங்கை முஸ்லிம் கவுன்சிலும் தாக்குதலுக்குப் பின் தெரிவித்தது. தாக்குதலுக்குப் பிறகு கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டு அடிவாங்கியதும் அதே சமூகம்தான். முதலில் எச்சரித்தவர்களையே குற்றவாளிகளாக நடத்திய அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

2018 டிசம்பரில் மாவனல்லையில் சஹ்ரானோடு தொடர்புடையவர்களால் புத்தர் சிலைகள் உடைக்கப்பட்டன. அந்த நூலைப் பிடித்துப் போன பொலிஸார், 2019 ஜனவரியில் வனாத்தவில்லு தென்னந்தோட்டம் ஒன்றில் பெருந்தொகை வெடிபொருட்களையும் டெட்டனேட்டர்களையும் கண்டெடுத்தார்கள். சிலை உடைக்க வெடிமருந்து எதற்கு என்ற கேள்வியை முடிவுவரை கொண்டுபோனவர் இல்லை.

வவுணதீவில் நடந்தது இதைவிடக் கொடியது. 2018 நவம்பர் 30 அதிகாலை, மட்டக்களப்பு வவுணதீவு சோதனைச் சாவடியில் கடமையிலிருந்த இரண்டு பொலிஸ்காரர்கள் கொல்லப்பட்டார்கள். விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள் கழிந்து மூன்று நாள். யாரைச் சந்தேகிப்பது என்று அதிகாரிகள் யோசிக்கவே இல்லை. முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவர் மாதக்கணக்கில் சிறையில் கிடக்க, கொன்றவர்கள் வெளியில் குண்டு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொலையைச் செய்தது சஹ்ரானின் ஆட்கள் என்பது உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகே தெரியவந்தது. அந்த இரண்டு கொலைகளையும் நேர்மையாக விசாரித்திருந்தால் ஐந்து மாதம் முன்பே இந்தக் கும்பல் பிடிபட்டிருக்கும் என்று நம்புகிறேன். பத்தாண்டுப் பழைய பகையில் ஊறிய கண்ணுக்கு எதிரே இருந்த தடயம் தெரியவில்லை. அதற்கு ஓர் அப்பாவித் தமிழன் சிறை இருந்தான். பிறகு நூற்றுக்கணக்கானோர் உயிர் கொடுத்தார்கள்.

மேலிடத்தில் அப்போது நடந்தது அதிகாரச் சண்டை. 2018 அக்டோபரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிரதமர் ரணிலைப் பதவி நீக்கினார். ரணில் மீண்டும் பிரதமரான பிறகும் தேசிய பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அவருக்கு அழைப்பில்லை. பொலிஸ் மா அதிபருக்கும் இல்லை. குண்டு வெடித்த அன்று ஜனாதிபதி சிங்கப்பூரில் இருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு எவருக்கும் தெளிவாகத் தெரியும், உளவுத்துறை மேசைக்கு நாளும் நூறு தகவல் வரும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு. பல தாக்குதல்களுக்கு அது நியாயமான வாதம். இங்கே அது எடுபடாது. ஆளின் பெயர் தெரியும், அமைப்பு தெரியும், இலக்கு தெரியும். ஏப்ரல் 16இல் காத்தான்குடி அருகே பாலமுனையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வெடிக்கவைத்துப் பரீட்சித்தும் பார்த்தார்கள். 20ஆம் திகதி மறுபடியும் எச்சரிக்கை வந்தது.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து பிள்ளைகள் வெளியே சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய பையோடு வந்த அந்நியன்மேல் சபையைச் சேர்ந்த ஒருவருக்குச் சந்தேகம் வந்தது. பையோடு உள்ளே விடமாட்டேன் என்று மறித்து வெளியே அனுப்பப் பார்த்தார். குண்டு வெளியிலேயே வெடித்தது. அவரும் போனார், பல குழந்தைகளும் போனார்கள். உள்ளே நிறைந்திருந்த நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். அவரிடம் எந்தக் கடிதமும் இல்லை. கண்ணில் பட்டதை நம்பினார், உடனே செயற்பட்டார்.

2022 பெப்ரவரியில், தாக்குதலைத் தடுக்கத் தவறிய குற்றச்சாட்டிலிருந்து முன்னாள் பாதுகாப்புச் செயலாளரையும் முன்னாள் பொலிஸ் மா அதிபரையும் மேல் நீதிமன்றம் விடுவித்தது. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள், கடமை தவறியதால் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்து, மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கவேண்டும் என்றார்கள். மற்ற அதிகாரிகளுக்கும் தொகை விதித்தார்கள். அந்தத் தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் 17 நாட்களில் மூன்று தேவாலயங்களுக்கும் ஒரு தொலைபேசி அழைப்புப் போயிருந்தால் போதும். போகாதது கவனக்குறைவு அல்ல, குற்றம்.