குறைந்தபட்ச இருப்பு

காஞ்சிபுரத்தில் பட்டு நெய்யும் வீட்டுக்கு வருமானம் மாதக் கணக்கில் வருவதில்லை, புடவைக் கணக்கில் வருகிறது. பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றில் கோர்வை வைத்த முகூர்த்தப் புடவை முடிந்து இறங்கப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். புடவையை அறுத்துக் கூட்டுறவுச் சங்கத்திலோ முதலாளியிடமோ கொடுத்தால்தான் கூலி. பாலும் அரிசியும் பள்ளி வேன் கட்டணமும் அதுவரை காத்திருப்பதில்லை. ஒரு புடவைக்கும் அடுத்த புடவைக்கும் நடுவே உள்ள நாட்களை ஓட்டிச் செல்வதுதான் அந்த வீட்டில் அம்மாவின் நிதி நிர்வாகம். ஐப்பசி, கார்த்திகையில் அது இன்னும் இறுகும். அடைமழையில் பாவு ஈரம் கோக்கும், தறிக்குழியில் தண்ணீர் ஊறும். தீபாவளிச் செலவும் அதே நேரத்தில்தான் வரும்.

அவள் வெறும் கணக்குப் பார்ப்பவளும் அல்ல. அதிகாலையில் நாடாவுக்கான நூலைத் தார் சுற்றுகிறாள். உடலுக்கும் கரைக்கும் நிறம் வேறாக உள்ள கோர்வைப் புடவையில் மறுகரையின் நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். சமையலுக்கு இடையில் அங்கேயும் உட்காருகிறாள். ஒரு காலத்தில் பல வீடுகளில் அந்த இடத்தில் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். பிள்ளையின் பேரில் முன்பணம் வாங்கிய வீடுகளும் உண்டு. பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு காலியான இடத்தை நிரப்பியவர்களில் அம்மாக்கள் பலர். ஆனால் கூலிச் சீட்டில் ஒரு பெயர்தான் இருக்கும், பெரும்பாலும் அது கணவனின் பெயர். கூட்டுறவு நெசவாளர் சேமிப்புத் திட்டத்தில் கூலியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் நெசவாளர் 8 காசு போட, அரசு 4 காசு சேர்க்கிறது. நல்ல திட்டம். அந்தக் காசும் சங்க உறுப்பினரின் பேரில்தான் சேர்கிறது, தார் சுற்றியவளின் பேரில் அல்ல.

கூலி வந்ததும் அது பிரியும் வரிசை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். மளிகைக் கடைப் பாக்கி, மகளிர் குழுவின் தவணை, சீட்டுப் பணம், அடகில் இருக்கும் நகைக்கு வட்டி. மீதியில் கொஞ்சத்தை அவள் யார் கண்ணிலும் படாமல் ஒதுக்குகிறாள். காய்ச்சலுக்கும் திடீர்ப் பயணத்துக்குமான பணம் அது. மற்ற எதற்கும் அதைத் தொடுவதில்லை. எந்த வங்கியும் சொல்லித் தராமல் அவள் வைத்துக்கொண்ட குறைந்தபட்ச இருப்பு அதுதான்.

2023 செப்டம்பர் 15 அன்று, அண்ணாவின் பிறந்தநாளில், அவர் பிறந்த காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கில். முதற்கட்டத்தில் 1 கோடியே 6 லட்சம் பெண்கள். அந்த வாரத்திலேயே ஒரு செய்தி வந்தது. சில கணக்குகளில் விழுந்த ஆயிரத்திலிருந்து, குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தவறியதற்கான பழைய அபராதத்தை வங்கிகள் கழித்துக்கொண்டன. அப்படிக் கழிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் தங்கம் தென்னரசு அறிக்கை வெளியிட்டார். புகார் சொல்ல 1100 என்ற எண் அறிவிக்கப்பட்டது. செய்தி சில நாட்களில் அடங்கியது.

அடங்கியிருக்க வேண்டிய செய்தி அல்ல அது. அந்தக் கணக்கு ஏன் காலியாக இருந்தது? ஒரு ரூபாயும் சும்மா கிடக்காமல் அதனதன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால். பாலுக்கு, தவணைக்கு, பரீட்சைக் கட்டணத்துக்கு. வீட்டின் கண்ணில் காலிக் கணக்கு என்றால் எல்லாக் கடமையும் முடிந்தது என்று பொருள். வங்கியின் கண்ணில் அது குற்றம். அவளுடைய திறமை எதுவோ அதற்கே தண்டம் விழுந்திருக்கிறது. இருப்பே தேவைப்படாத ஜன்தன் கணக்குகள் 2014 முதல் இருக்கின்றன. ஆனால் எல்லோருடைய கணக்கும் அந்த வகை அல்ல. குழுக் கடனுக்கோ பிள்ளையின் உதவித்தொகைக்கோ எப்போதோ தொடங்கிய சாதாரணக் கணக்குகள் பல. 2025இல் கனரா வங்கி, இந்தியன் வங்கி உள்ளிட்ட சில பொதுத்துறை வங்கிகள் இந்த அபராதத்தைக் கைவிட்டன. அபராதம் போனாலும் அது கிளப்பிய கேள்வி போகவில்லை: வீட்டுக்காக வீட்டின் நடுவில் அவள் காக்கும் பணம் யாருடையது?

பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ திரைப்படம் இதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து தொடுகிறது. மகளைப் பட்டுடுத்திக் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, அதற்கென்று சேர்த்த பணத்தைத் தங்கையின் வாழ்வுக்காக எடுத்துக் கொடுக்க நேர்கிறது. பிறகு பட்டு இழைகளை வாயில் அடக்கித் திருடுகிறான். படம் அவன் வாக்கைப் பற்றியது. ஒரு காரியத்துக்கென்று ஒதுக்கிய பணம் குடும்பத்துக்குள் அந்தக் காரியத்துக்காகவே நிற்பது எவ்வளவு கடினம் என்பதும் அதில் இருக்கிறது. அண்ணாவின் இளமையும் இங்கே நினைவுக்கு வருகிறது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, அவர் ‘தொத்தா’ என்று அழைத்த, தாயின் தங்கை இராசாமணி அம்மையாரிடம் வளர்ந்த அந்தப் பிள்ளை, வறுமையால் படிப்பை நிறுத்திவிட்டுக் காஞ்சிபுரம் நகராட்சியில் எழுத்தராக வேலை பார்த்தது. பிறகு படிப்பு தொடர்ந்தது. படிப்பா கூலியா என்ற அந்தத் தராசு நெசவாளர் தெருக்களில் நெடுங்காலம் ஆடியது. அதைப் பிடித்திருந்த கைகளில் அம்மாக்களின் கையும் உண்டு.

யாருடைய பணம் என்ற கேள்வி நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது. 1943இல் இங்கிலாந்தில், வீட்டுச் செலவுப் பணத்தில் மிச்சம் பிடித்துக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஒரு மனைவி போட்டு வைத்த 103 பவுண்டு கணவனுக்கே சொந்தம் என்று தீர்ப்பானது. சிக்கனம் பிடித்தது அவள் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை, ஆனால் உரிமைக்கு அது போதாது என்றது. அப்படிப்பட்ட மிச்சத்தில் இருவருக்கும் சரிபாதி என்று அங்கே சட்டம் வர 1964 ஆயிற்று. நம் பக்கத்தில் 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, கணவனின் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். வீட்டு வேலை மறைமுகமாகச் சொத்துக்குப் பங்களிக்கிறது என்பது அதன் அடிப்படை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வும் இதையே எண்ணில் காட்டியது. கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம், அதில் ஈடுபடும் ஆண் 97 நிமிடம்.

ஆனால் தீர்ப்பு சொத்தைப் பற்றியது. பெரும்பாலான நெசவாளர் வீடுகளில் பங்கு கேட்கும் அளவுக்குச் சொத்து இல்லை. அறுப்புக்கு அறுப்பு வந்து கரையும் கூலி இருக்கிறது, இப்போது மாதம் ஓர் ஆயிரமும் இருக்கிறது. அந்த ஆயிரத்தை அவளே எடுக்கிறாள், அவளே முடிவு செய்கிறாள். யாரிடமும் கை நீட்டாமல் மகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்க முடிவது சிறிய விஷயமே அல்ல. அதே ஆயிரத்தைக் காட்டி, எரிவாயுவும் பால் கணக்கும் இனி உன் பொறுப்பு என்று வீடு தன் கையைச் சுருக்கிக்கொள்ளவும் கூடும். அப்படியானால் கூடியது அவள் வரவு அல்ல, சுமை. ஒரே வீட்டில் ஒரு மாதம் முதலாவதும் மறுமாதம் இரண்டாவதும் நடக்கலாம். எது எப்போது நடந்தது என்பதைப் பாஸ்புக் சொல்லாது. இரண்டிலுமே மாதக் கடைசியில் இருப்பு ஒன்றாகத்தான் இருக்கும்.