பக்தி பணிய வைக்குமா?

மதம் தொழிலாளியைப் பணிய வைக்கும் என்பது முற்போக்காளர் பலர் சோதித்துப் பார்க்காமலே ஒப்புக்கொண்ட முடிவு. 1905 ஜனவரி 22 அன்று ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது அதற்கு ஒத்துவரவில்லை. புட்டிலோவ் ஆலையில் நான்கு பேரின் வேலை பறிபோனதில் தொடங்கிய வேலைநிறுத்தம் நகரமெங்கும் பரவி, அந்த ஞாயிறன்று பேரரசரான ஜாரின் அரண்மனையை நோக்கி ஊர்வலமாகத் திரண்டது. தலைமை தாங்கியவர் கபோன் என்ற பாதிரியார். கூட்டத்தின் கைகளில் திருவுருவங்களும் ஜாரின் படங்களும். அவர்கள் கொண்டுபோன மனுவைப் பாருங்கள்: எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கும் சாதாரணக் கூலிகளுக்கும் நாளுக்கு ஒரு ரூபிள், காற்றும் மழையும் பனியும் புகுந்து ஆளைக் கொல்லாத பட்டறை, அவமதிக்காத மருத்துவம். இவற்றோடு, திருச்சபையை அரசிலிருந்து பிரிக்க வேண்டும் என்றும் கேட்கிறது, பாதிரியார் முன்நின்று கொண்டுபோன அந்த மனு!

கபோனின் தொழிலாளர் சங்கம் போலீஸ் ஆசியோடு வளர்ந்ததுதானே, ஜாரைத் தந்தையென நம்பியது ஏமாளித்தனம்தானே என்று கேட்கலாம். முதலாவது உண்மை, ஆனால் அடக்கிவைக்க அனுமதித்த மேடையில்தான் ஆட்கள் ஒன்றுகூடிப் பேசப் பழகினார்கள். இரண்டாவதில் பாதிதான் உண்மை. அந்த ஊர்வலத்தின்மீது படையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் செத்தது ஜார்மீது வைத்த நம்பிக்கை. தன்னை அவமதிக்க எவருக்கும் உரிமையில்லை என்று மனுவில் பேசிய மனம் சாகவில்லை. நீதியை யாரிடம் கேட்பது என்பதுதான் மாறியது. அதே ஆண்டு அக்டோபரில் தொழிலாளர்கள் எந்த அரண்மனைக்கும் மனு தூக்கிப் போகவில்லை. தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்து பீட்டர்ஸ்பர்க் சோவியத் என்ற தொழிலாளர் அவையை அமைத்தார்கள்.