கொழுந்தனைக் கட்டினால்தான் சோறா?

மெட்ராஸ் ரெஜிமென்ட் தாங்கி நிற்கும் போர்ப் பெருமைகளில் சோளிங்கரும் ஒன்று. 1781 செப்டம்பர் 27 அன்று இந்த ஊருக்கருகில் ஹைதர் அலியின் படையைக் கும்பினித் தளபதி அயர் கூட் தோற்கடித்தார். அங்கே விழுந்தவர்களின் மனைவிமார் என்ன ஆனார்கள் என்பதை அந்தப் பெருமை எதுவும் சொல்வதில்லை.

சோளிங்கர் அடங்கிய வேலூர், ராணிப்பேட்டை வட்டாரம் இன்றும் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் மண். கணியம்பாடிப் பக்கத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். அதனால் 2017 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் நீக்கிய ஒரு விதி இந்தப் பக்கத்து வீடுகளுக்கும் உரியதுதான். வீரதீர விருது பெற்றவர் இறந்தால், விருதுக்கான மாதப்படி அவர் மனைவிக்குத் தொடரும். அவள் மறுமணம் செய்தால் நின்றுவிடும்; கணவனின் சகோதரனையே மணந்தால் மட்டும் நிற்காது. இப்படித்தான் அதுவரை விதி இருந்தது. ஒரு பெண் யாரைக் கட்டிக்கொள்கிறாள் என்று பார்த்துப் பணம் கொடுத்திருக்கிறது அரசு!

கொழுந்தனை மணக்கும் இந்த ஏற்பாட்டின் மிகப் பழைய எழுத்து வடிவங்களில் ஒன்று பைபிளின் உபாகமம் 25ஆம் அதிகாரம். சேர்ந்து குடியிருக்கும் சகோதரரில் ஒருவன் பிள்ளையில்லாமல் செத்தால், அவன் மனைவியை மற்றவன் மணக்க வேண்டும். முதல் பிள்ளை செத்தவன் பெயரில் வளர வேண்டும். மறுக்கும் கொழுந்தனின் செருப்பை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவளே கழற்றி, அவன் முகத்தில் துப்பலாம். அந்தக் குடும்பத்துக்குச் செருப்பு கழற்றப்பட்டவன் வீடு என்று பெயர் விழும். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் செருப்புத் தொழிலில் பிழைக்கிற பகுதியில் இதைப் படிக்கும்போது அந்த அவமானம் கண்முன் நிற்கிறது.

மறுக்கிறவனை இவ்வளவு கடுமையாக நடத்திய சட்டம், அவளுக்குச் சம்மதமா என்று எங்கும் கேட்கவில்லை. செத்தவனின் பெயரும் நிலமும்தான் அதன் கவலை. ஆதியாகமம் 38இல் தாமார் பட்ட பாட்டைப் பாருங்கள். அவளை மணந்த இரண்டு மகன்கள் அடுத்தடுத்துச் சாக, மூன்றாமவன் சேலா வளரட்டும் என்று சொல்லி அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பினான் மாமனார் யூதா. சேலா வளர்ந்தான், அவளை யாரும் அழைக்கவில்லை. தனக்குரியதை அவள் வேடமிட்டுத்தான் பெற்றாள். அவள் தன்னைவிட நீதியுள்ளவள் என்று கடைசியில் யூதாவே ஒப்புக்கொண்டான்.

ரூத்தின் கதை வேறு திசையில் போகிறது. மாமியார் நகோமி கணவனையும் இரு மகன்களையும் மோவாபில் இழந்தவள். மருமகள்கள் ஓர்பாள், ரூத் இருவரிடமும் அவள் முதலில் சொன்னதே, தாய்வீட்டுக்குப் போய் வேறு கணவரோடு நிம்மதியாக இருங்கள் என்பதுதான். ஓர்பாள் போனாள், கதை அவளைக் குறை சொல்லவில்லை. கூட வந்த ரூத், அறுவடை வயலில் சிந்திய கதிர் பொறுக்கி மாமியாருக்கும் சேர்த்துச் சோறு தேடினாள். அந்தக் கதிர்கள் ஏழைக்கும் அந்நியருக்கும் விதவைக்கும் உரியவை என்று சட்டமே சொல்லியிருந்தது. வயலின் சொந்தக்காரனும் கணவன் வழி உறவினனுமான போவாஸோடு கல்யாணம் அப்புறம். அதைப் போய்க் கேட்டவளும் ரூத்தே.

சோறு முதலில், கல்யாணம் அப்புறம் என்ற இந்த வரிசைக்கு நேர்மாறாகத்தான் நம் சட்டம் தொடங்கியது. 1856ஆம் ஆண்டின் இந்து விதவைகள் மறுமணச் சட்டம் மறுமணத்தை அனுமதித்த கையோடு, முதல் கணவன் சொத்தில் அவளுக்கிருந்த உரிமையைப் பறித்தது. உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துக் கட்டுவது முன்பே வழக்கம்தான். அவர்களுக்கு இந்தச் சட்டம் என்ன தந்தது? அந்த வழக்கமில்லாத சாதியில், 1889இல் ‘தி இந்து’ ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் விதவையான தன் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். சொந்த சாதியே அவரை ஒதுக்கியது. இன்று தமிழக அரசின் தர்மாம்பாள் அம்மையார் நினைவுத் திட்டம் மறுமணம் செய்யும் பெண்ணுக்கு நிதியுதவியும் தங்கக் காசும் தருகிறது. மறுமணத்துக்குத் தண்டனை போட்ட இடத்தில் இப்போது கைகொடுக்கிறார்கள், நல்ல மாற்றம்.

கொழுந்தனை மணப்பது தவறென்று சொல்லவில்லை. விரும்பினால் மணக்கட்டும். நிலம் வெளியே போகக் கூடாது, பென்ஷன் வீட்டிலேயே இருக்கட்டும் என்பதற்காக அவளைத் தள்ளிவிடுவதுதான் தவறு. வீட்டில் கணவனை இழந்த மருமகள் இருந்தால், மாமனார் மாமியாருக்கு ஒரு வேண்டுகோள்: அவள் பங்கை முதலில் அவள் பெயரில் எழுதிக் கொடுங்கள். கல்யாணப் பேச்சை அதன் பிறகு எடுங்கள். அதையும் அவளிடமே கேளுங்கள்.