மோட்டார் சாவி யாரிடம்?

பங்குனி மாதம் திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்குத் திருக்கல்யாணம். மாப்பிள்ளைக் கோலத்தில் அவர் திருவையாற்றிலிருந்து கொள்ளிடம் கடந்து வருகிறார்; மணப்பெண் சுயசாம்பிகை. அக்கரையும் இக்கரையும் சம்பந்தி வீடுகளாகிவிடும் நாள் அது. ஆனால் திருவிழாக் கூட்டத்தில் தோளோடு தோள் உரசி நிற்பது எளிது. மற்ற நாள்களில் பக்கத்துத் தெருக்காரரைப் பற்றி என்ன நினைக்கிறோம்? "அந்தத் தெரு ஆளுங்களா, அவங்க அப்படித்தான்" என்ற ஒரே பேச்சில், முகம் பார்த்துப் பழகாத மனிதருக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இந்த எண்ணத்தை மாற்ற, இரண்டு தெருவுக்கும் பொதுவாக ஒரு காய்கறித் தோட்டம் போடலாம் என்பது நல்ல யோசனை. அங்கே ஓர் அறக்கேள்வியும் எழுகிறது. இழிவாகப் பேசப்பட்டவர்களே வந்து, கூட உழைத்து, தாங்கள் நல்லவர்கள் என்று நிரூபிக்க வேண்டுமா? பழி சுமந்தவர் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது நியாயமா?

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. தென் மாவட்டச் சாதி மோதல்களுக்குப் பின், 1997இல் தமிழக அரசு பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டத்தை அறிவித்தது. முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தலா 25, மற்றவர்களுக்கு 10. "முதலில் பழகுங்கள், பிறகு வீடு தருகிறோம்" என்று அரசு சொல்லவில்லை. வீட்டுரிமையைச் சமமாகக் கொடுத்தது. பழக்கத்தைக் குடியிருப்போரிடம் விட்டது. வரிசை அதுதான் சரி.

உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய நூலும் இதோடு ஒத்துப்போகிறது. வெறும் சந்திப்பு தப்பெண்ணத்தைப் போக்காது. சமநிலை, பொது நோக்கம், ஒத்துழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு ஆகியவையும் வேண்டும். பண்ணையாரும் கூலியாளும் தலைமுறை தலைமுறையாக ஒரே வயலில்தான் நின்றார்கள். அதனால் மட்டும் மரியாதை பிறந்துவிடவில்லை.

ஆகவே தோட்டத்தில் பார்க்க வேண்டியது பந்தலில் தொங்கும் புடலங்காயை அல்ல. மோட்டார் கொட்டகைச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது? மடை திருப்பும் முறையை யார் வைக்கிறார்? ஒரு தெருவுக்கு மண்வெட்டியும் இன்னொரு தெருவுக்குக் கணக்கு நோட்டும் என்று பிரிந்தால், பழைய ஏற்பாடே புதிய வேலிக்குள் குடியேறிவிடும். குடிக்க வைத்த பானையில் எல்லோரும் ஒரே டம்ளரில் மொள்ளவில்லை என்றால், சேர்ந்து நட்ட கத்தரிக்கும் வெண்டைக்கும் பொருளில்லை.

இதற்கான பொறுப்பு வசதியாக இருந்தவர்களுடையது. சாவியைக் கைமாற்றுவதும், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதும், கணக்கை எல்லோர் முன்னும் வாசிப்பதும் விதை போடுமுன்பே முடிவாக வேண்டும். சேர்ந்து களை பறிக்கையில் சினேகம் வளர்ந்தால் மகிழ்ச்சி. வளராவிட்டாலும் சரிபங்கு குறையக் கூடாது. அது யாருடைய மனமாற்றத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.