அறியாமல் விளைந்த பாபம்

2010 ஜனவரிப் பூகம்பத்தில் சிதைந்து, நிலையான அரசாட்சியும் இன்றித் தவித்த ஹைட்டி தேசத்தில், அமைதி காக்கச் சென்ற ஐக்கிய நாடுகளின் சேனை முகாமிலிருந்து வெளியேறிய மலக்கழிவு ஆர்ட்டிபோனீட் நதியோடு கலந்ததால் அவ்வாண்டு அக்டோபரில் மூண்ட காலரா, காலப்போக்கில் ஏறக்குறைய 10,000 உயிர்களைக் கொள்ளைகொண்டது. சங்கற்பமின்றி விளைந்த தீங்குக்குக் கர்த்தா யார் என்பது தர்ம விசாரத்தின் பழைய வினா. பீதியுற்ற ஜனங்களோ, விஷப்பொடி தூவினார்கள் என்று வூடூ பூசாரிகள் பலரை அடித்தே கொன்றார்கள். பிணியாளரில் பெரும்பாலோருக்கு வேண்டியிருந்ததோ, ஒரு லிட்டர் சுத்த ஜலத்தில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, மடக்கு மடக்காகப் புகட்ட ஒரு கை. எண்ணமில்லாதவிடத்துப் பாபமும் இல்லை என்பாருண்டு. எனக்கு அது சம்மதமில்லை, ஏனெனில் விளைவு வெளிப்பட்ட பின்னும் ஐக்கிய நாடுகள் சபை காத்த மௌனம் சங்கற்பமேயன்றி வேறில்லை. அச்சபையின் அன்றைய பொதுச்செயலர் பான் கீ மூன் மன்னிப்புக் கோரியது 2016 டிசம்பரில்.