தனி டம்ளர்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கித்தான் ஆறு வருஷம் வேலைக்குப் போனேன். 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனைதான் அந்தப் பெயருக்குக் காரணம். ஒருநாளும் யோசித்ததில்லை.

அறைத்தோழன் "எனக்கு டிபிடா" என்றதும் அவன் டம்ளரைத் தனியாக எடுத்துவைத்தேன். டிபி காற்றில் பரவும், டம்ளரில் பரவாது. எனக்குத் தெரியும். பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். பயந்தவன் முதலில் ஜன்னலை அல்லவா திறந்திருக்க வேண்டும்? அது மூடியே கிடந்தது.

2025-க்குள் ஒழிப்போம் என்ற போஸ்டர்களில் இருமல், சளிப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் இருந்தன. எனக்கு அவை புதிதல்ல. டம்ளரைப் பிரித்துவைக்கும் பழக்கமோ நம்மூர் டீக்கடைகளில் வேறு காரணத்துக்காக எப்போதோ பழகியது. அதற்கு எந்தக் கிருமியும் தேவைப்பட்டதில்லை.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டான். குணமாகிவிட்டது. இப்போதும் டீ போட்டால், அந்த டம்ளரைத்தான் தேடி எடுக்கிறான்.